அத்தை பார்க்காத சீர்காழி

முதல் நாள்: சீர்காழி

ரயில் சீர்காழியில் நின்றபோது இன்னும் விடியவில்லை. இறங்கியவர்கள் பத்துப் பேர் இருப்போம். மற்றவர்கள் எல்லாம் வைத்தீஸ்வரன்கோயிலுக்கோ சட்டைநாதரைப் பார்க்கவோ வந்தவர்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்திருந்தேன்.

அத்தைக்கு வருகிற 12-ஆம் தேதி தலைத் திவசம். திதி பார்த்துச் சொன்ன நாள் ஆகஸ்ட் 12-இல் போய் விழுந்தது. தேசிய நூலகர் தினமும் அன்றுதான். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தின் கிளை நூலகத்தில் முப்பத்தாறு வருஷம் நூலகராக இருந்தவருக்கு நாள் இப்படி அமைந்ததை மாமா போனில் சொன்னபோது இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊருக்குப் போகும் வழியில் சீர்காழியில் இறங்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அத்தையின் மேஜைக்கு மேலே, நாட்காட்டிக்குப் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருக்கும். தலைப்பாகை, கண்ணாடி, மூடிய கோட்டு. சின்ன வயதில் அது யாரோ எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா என்றே நினைத்திருந்தேன். இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் என்று பிறகு தெரிந்தது. "அவர் படிச்ச பள்ளிக்கூடம் சீர்காழியில இருக்கு. ஒரு தடவை போய் வாசல்ல நின்னுட்டு வரணும்" என்று அத்தை சொல்வார். எங்கள் ஊரிலிருந்து சீர்காழி நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நூலகத்துக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்றுதான் தலைக்கு எண்ணெய், அன்றுதான் வீட்டு வேலை, அன்றுதான் படுத்த படுக்கையாக இருந்த தாத்தாவுக்கு முழுக்குளியல். எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது, வெள்ளிதான் ஞாயிறு. அந்த ஒரு வெள்ளி அத்தைக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

டீ குடித்துவிட்டுக் கோயில் குளக்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஞானசம்பந்தர் குழந்தையாக அழுது நின்றதாகச் சொல்லும் குளம். வெளிச்சம் வந்ததும் நடந்தே பள்ளிக்குப் போனேன். ரங்கநாதன் 1892-இல் இந்த ஊரில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பா போய்விட்டார். இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னைக்குப் போய், கணக்கு வாத்தியாரானார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். சேர்ந்த சில நாட்களிலேயே, ஆள் நடமாட்டம் இல்லாத அந்த இடம் பிடிக்காமல், திரும்பவும் வகுப்புக்கே போய்விட நினைத்திருக்கிறார். அப்புறம்தான் லண்டன் பயணம். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்க்கிறார். நாலைந்து வகைத் துண்டுகள், ஒரு கைப்பிடி திருகாணி. அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டி, பாலம், கிரேன் என்று எது வேண்டுமானாலும் வருகிறது. புத்தகங்களையும் இப்படி வகைப்படுத்தலாமே என்று தோன்றியதுதான் கோலன் பகுப்பாக்கம். கோலன் என்றால் இரு புள்ளி. 1933-இல் புத்தகமாக வந்தது.

இதை அத்தை எனக்குச் சொன்னது ஒரு நெல் இலையை வைத்துக்கொண்டு. எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருவர் வயலிலிருந்து நேரே வந்தார், காலில் சேறு காயவில்லை. கையில் இருந்த நெல் தாளில் கண் கண்ணாகப் புள்ளி. "இது என்னன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். அத்தை எழுந்து போய் அலமாரியில் விரல் வைத்து, ஒரு நிமிஷத்தில் ஒரு மெல்லிய புத்தகத்தோடு வந்தார். குலைநோய். படத்தையும் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர் போன பிறகு புத்தகத்தின் முதுகில் வெள்ளை மையால் எழுதியிருந்ததை என்னைப் படிக்கச் சொன்னார். ஜே381, இரு புள்ளி, 4. "ஜே-ன்னா வேளாண்மை. 381 நெல்லு. இந்த ரெண்டு புள்ளி வந்துச்சுன்னா, அதுக்கு என்ன ஆச்சு, அதை என்ன பண்றோம்னு அர்த்தம். 4-ன்னா நோய்." அடுத்த அலமாரியில் மருத்துவப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். அங்கேயும் இரு புள்ளிக்குப் பிறகு 4. "நெல்லா இருந்தாலும் மனுஷனா இருந்தாலும் நோய்க்கு நாலுதான். எவ்வளவு பெரிய மூளை பாரு" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் கேட்க முடிகிறது.

பள்ளி வாசலில் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி நின்றேன். அத்தையின் மூக்குக் கண்ணாடிக் கூடு என் பையில் இருந்தது. அதை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் இருக்கும்.

இரண்டாம் நாள்: மன்னார்குடி, மேலவாசல்

மயிலாடுதுறையில் ஒரு பஸ், திருவாரூரில் ஒரு பஸ். ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஆற்றில் தண்ணீர் இருந்ததால் வழி நெடுகக் குறுவை பச்சை. கூத்தாநல்லூர் தாண்டியதும் கண் தானாகத் திறந்துகொள்ளும் எனக்கு. கல்லூரிக் காலத்திலிருந்து அப்படி.

மன்னார்குடியில் ஹரித்ராநதிக் கரையோரம் ஒரு சுற்று நடந்துவிட்டு ஆட்டோ பிடித்து மேலவாசல் போனேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஆட்டோக்காரர் கேட்டார். 1931 அக்டோபரில் இந்த ஊரிலிருந்துதான் ஒரு மாட்டு வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது என்றேன். கனகசபை பிள்ளை என்ற பொறியாளர் கொடுத்த வண்டி. ரங்கநாதன் தன் நூலக விதிகள் ஐந்தையும் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1931-இல்தான். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. எழுதியதோடு நிற்காமல், வாசகர் வர முடியாவிட்டால் நூல் போகட்டும் என்று வண்டியும் கட்டிவிட்டார்கள். ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம ஊர்லயா? யாருமே சொல்லலியே" என்றார். திரும்பி வரும்போது வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் தாத்தா அந்த வண்டியைப் பார்த்தவர். அப்போது அவருக்கு ஒன்பது வயது. களத்துமேட்டில் வண்டி நிற்கிறது, உள்ளே நெல் மூட்டை இல்லை, வைக்கோல் இல்லை, புத்தகம். பக்கத்தில் போனால் திட்டுவார்களோ என்று பயந்து புளியமரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். வண்டியோடு வந்தவர் கூப்பிட்டு ஒரு படப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "மாட்டை அவுத்துக் கட்டற வரைக்கும் பாரு" என்றாராம். தாத்தாவுக்கு அந்தப் புத்தகத்தின் பெயர் நினைவில்லை. அதில் ஒரு கப்பல் படம் இருந்தது மட்டும் கடைசிவரை நினைவிருந்தது. மூத்த மகளை நூலகர் படிப்புக்கு அனுப்பியபோது, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு அவர் சொன்ன பதில் அந்தக் கப்பல்தான்.

ராத்திரி ஊர் போய்ச் சேர்ந்தேன். மாமா வாசல் விளக்கைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள்: ஊர்

காலையில் எட்டு மணிக்கே நூலகத்துக்குப் போய்விட்டேன். இப்போது இருப்பவர் இளம் வயதுக்காரர், என்னை அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி போட்டார். நாளிதழ் படிக்க ஐந்து பெரியவர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். ஒருவர் படித்து முடித்த தாளை அடுத்தவர் கேட்காமலேயே வாங்கிக்கொள்கிற அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் கை விட்டுப் பார்த்தேன். வசம்புத் துண்டு தட்டுப்பட்டது. அத்தை வைத்ததாக இருக்காது, ஆனாலும் யாரோ தொடர்ந்து வைக்கிறார்கள்.

அத்தை இங்கே வேலைக்குச் சேர்ந்தது 1971-இல். காலையில் மூன்றரை மணி நேரம், சாயங்காலம் நாலு மணியிலிருந்து விளக்கு வைத்த பிறகும். நடுவில் இருக்கிற நேரத்தில் வீடு. தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவருக்குச் சோறு ஊட்டுவது, தம்பிகள் சட்டை துவைப்பது, கிழிந்த புத்தகம் தைப்பது எல்லாம் அந்த நாலரை மணி நேரத்துக்குள். மைதாப் பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போடுவார். பூச்சி அரிக்காது. பசை கொதித்து நீலம் கலந்து வருவதை நான் அடுப்பு ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "கைய விடாத, விஷம்" என்பார் ஒவ்வொரு தடவையும். காடாத் துணியை நீளமாக வெட்டி, முதுகில் ஒட்டி, மேலே அம்மிக் குழவியை ஏற்றி வைப்பார். மறுநாள் சட்னி அரைக்கக் குழவி வேண்டும் என்று பாட்டி சத்தம் போடுவாள்.

உள்ளே வருகிற யாரையும் நிற்க வைக்கக் கூடாது என்பதில் அத்தை கறாராக இருந்தார். வெற்றிலைக் கறையோடு வருகிறார்கள், வேட்டியில் சேறு என்று ஒருமுறை யாரோ முகம் சுளித்தபோது, வீட்டு வரி ரசீதை எடுத்துக் காட்டினார். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. 1948-இல் வந்த சென்னை பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு, அதற்கும் ரங்கநாதன்தான் முன்னின்றார். "இங்க யாரும் ஓசியில படிக்கல. அவங்க குடுத்த காசுலதான் உங்களுக்கும் எனக்கும் ஃபேன் ஓடுது" என்றார் அத்தை. இந்த வாக்கியத்தை நான் வேலை பார்க்கும் இடத்திலும் பல தடவை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதவி உயர்வோடு தஞ்சாவூருக்குப் போகும் வாய்ப்பு இரண்டு முறை வந்தது. 1979-இல் முதல் முறை. அப்போது தாத்தா படுக்கையில். அப்பா மன்னார்குடி அரசு கலைக் கல்லூரியில் முதல் வருஷம், பஸ் காசு அத்தை சம்பளத்திலிருந்து. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா இன்றுவரை அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். எனக்கும் அதில் வருத்தம் உண்டு. எங்கள் படிப்பு, எங்கள் வேலை எல்லாவற்றுக்கும் கீழே அந்த ஒரு கடிதம் இருக்கிறது. அதைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அத்தைக்கு தஞ்சாவூர் பிடித்திருக்கும். சரஸ்வதி மகாலில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

ஆனால் இரண்டாவது முறை 1991-இல் வந்தபோது தாத்தா இல்லை, தம்பிகள் எல்லாம் வேலையில். அப்போதும் போகவில்லை. ஏன் மாமா என்று இன்றைக்குத்தான் கேட்டேன். மாமா கொஞ்சம் யோசித்தார்.

"அந்த வருஷம் நாலு புள்ளைங்க குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்துச்சுங்க. வீட்டுல லைட்டு கிடையாது. இவதான் ராத்திரி ஒம்போது வரைக்கும் நூலகத்தைத் தொறந்து வச்சிருப்பா. சாவிய யாருகிட்ட குடுத்துட்டுப் போறதுன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னு நெனைக்காத. போகச் சொல்லி நான் சொன்னேன். எனக்கு இந்த ஊர்தாங்க புடிச்சிருக்குன்னா."

எனக்கு மனசில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. முதல் கடிதம் குடும்பத்துக்காக. இரண்டாவதை அவரே விரும்பி எழுதியிருக்கிறார்.

ரங்கநாதனைப் பற்றிப் பேசும்போதும் அத்தை சாரதா அம்மாளை விட்டுவிட மாட்டார். ரங்கநாதன் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதா பெயரையும் சேர்த்து ஒரு பேராசிரியர் பதவி உண்டாக்கினார். "ஒரு மனுஷன் இருபத்து நாலு மணி நேரமும் நூலகம் நூலகம்னு இருந்தா, அந்த வீட்டுல ஒரு லட்சம் எப்படிச் சேரும்? அந்தம்மா கைதான் அது" என்பார். வீட்டையும் நூலகத்தையும் ஒரே ஆளாகத் தாங்கியவர் சொன்ன கணக்கு அது.

சாயங்காலம் மாமா அத்தையின் மரப்பெட்டியைத் திறந்து வைத்தார். மேலே கஜா புயலின்போது எடுத்த ஒரு படம். 2018 நவம்பர் 16 விடியற்காலை. அப்போது அத்தைக்கு 69 வயது, ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம். காற்று நின்றதும் எல்லோரும் தென்னை போச்சே என்று கொல்லைப்பக்கம் ஓடியபோது, அத்தை விழுந்து கிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி நூலகத்துக்குப் போயிருக்கிறார். ஓடு பாதி பறந்திருந்தது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் நனைந்து ஊறிவிட்டன. அப்போதைய நூலகருடன் சேர்ந்து சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் கூடத்தில் மூன்று கட்டில் நிறையப் புத்தகம், மாமா திண்ணையில் படுத்தார். பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய நாளிதழ்த் துண்டு. ஈரம் உறிஞ்சியதும் எடுத்துவிட்டு வேறு துண்டு, ஒரு நாளைக்கு மூன்று முறை. வெயிலில் வைத்தால் தாள் முறுக்கிக்கொள்ளும், அதனால் நிழலில் மட்டும். வழுவழுப்பான தாளில் அச்சான குழந்தைகள் புத்தகங்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அவற்றைத் தூக்கிப் போட அத்தைக்கு மனசு வரவில்லை. தென்னை அறுபது போனதற்கு அழாதவர் அதற்கு அழுதார் என்றார் மாமா.

பெட்டியின் அடியில் நீள நோட்டுகள், கயிறு கட்டி. அட்டையில் அத்தை கையெழுத்தில் 'கேட்டவை' என்று மட்டும் இருந்தது. இப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. யாராவது வந்து கேட்டு, நூலகத்தில் இல்லாத புத்தகங்களின் பட்டியல். தேதி, கேட்டவர் பெயர், என்ன கேட்டார். கிடைத்ததும் சிவப்பு மையில் ஒரு கோடு. மேலிடத்திலிருந்து வந்திருக்கலாம், யாரிடமாவது கேட்டு வாங்கியிருக்கலாம், சொந்தக் காசில் வாங்கியதும் இருக்கும். ரவிக்கை வெட்டுவது எப்படி. மோட்டார் காயில் கட்டுவது. பெண் குழந்தைப் பெயர்கள். சுகப்பிரசவம். திருக்குறளுக்கு லேசான உரை. ஒரு வரியில் என் பெயர், 'நட்சத்திரம் பற்றி, படத்தோடு'. சிவப்புக் கோடு இருந்தது. அந்தப் புத்தகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது தானாக நூலகத்துக்கு வந்தது என்று நினைத்திருந்தேன்.

கடைசி நோட்டில் கோடு போடாத வரிகள் மூன்று. இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை என்றார் மாமா. மூன்றாவது 2006-ஆம் வருஷத்து வரி. 'வாத்து வளர்ப்பு, நோய் பற்றியும்'. மேலத்தெருப் பெரியவர் ஒருவர் கேட்டது.

நான்காம் நாள்

திவசம் பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. அத்தான் உட்கார்ந்து செய்தார். அப்பா பக்கத்திலேயே நின்றார். சாப்பாட்டுக்கு எண்பது பேர் எதிர்பார்த்தோம், இரண்டு நூறு தாண்டியது. பக்கத்து வீடுகளிலிருந்து அரிசியும் அண்டாவும் கேட்காமலே வந்தன. மன்னார்குடியில் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் அரை நாள் விடுப்புப் போட்டு வந்திருந்தார். 1991-இல் படித்த நால்வரில் ஒருவர். இலையில் உட்காராமல் கடைசிப் பந்திவரை பரிமாறினார்.

மேலத்தெருப் பெரியவர் கம்பு ஊன்றி வந்தார். சாப்பிட்டு முடித்ததும் அவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண் தெரியவில்லை, படி என்றார். படித்தேன்.

"அதையா எழுதி வச்சிருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நோட்டை வாங்கி, எழுத்தின் மேல் விரலை வைத்தார். "கேட்டேன் கேட்டேன். ரெண்டு மூணு தடவ, இன்னும் கெடைக்கலண்ணே, சொல்லி வச்சிருக்கேன்னு அதுவே வந்து சொல்லிச்சு. அப்புறம் நானே மறந்துட்டேன்."

"இப்ப வேணுமா தாத்தா? நான் வாங்கி அனுப்பறேன்."

"வாத்தெல்லாம் வித்து நாளாச்சும்மா." கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். படி இறங்கப் போனவர் நின்று திரும்பினார். "வாங்கு. வாங்கி நூலகத்துலயே குடுத்துடு. கீழத்தெருவுல ஒரு பையன் இப்ப வாத்து வுட்டுருக்கான், நான் சொல்லி அனுப்பறேன்."

சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாமாவிடம் சிவப்பு மைப் பேனா இருக்கிறதா என்று கேட்டேன். பெட்டியிலேயே இருக்கும் பார் என்றார். இருந்தது. புத்தகம் வந்த பிறகு கோடு போடச் சொல்லி, நோட்டையும் பேனாவையும் அவரிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.